மாரிமழை கரைக்கும் கல்

யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டுக் குசினிக்குள் போய்க் கேத்திலின் மூடியைத் திறந்து பார்த்தாலும் அடியில் வெள்ளையாக ஒரு படை ஒட்டியிருக்கும். கரண்டிக் காம்பால் சுரண்டினால் செதில் செதிலாகப் பெயரும். அரைத் தேசிக்காயைப் பிழிந்துவிட்டால் நுரைத்துக்கொண்டு கரைந்துபோகும். தண்ணீரில் சுண்ணாம்பு கூட, அதுதான் காரணம் என்று வீட்டுக்காரர் சொல்வார்கள். அவர்கள் சொல்வது சரி. அந்த வெள்ளைப் படை அதே ஊரின் நிலத்துக்கு அடியில், அலவாங்குக்கும் இலகுவில் மசியாத பாறையாக இருந்தது. மழை அதைக் கரைத்தது. கிணறு அதை மேலே கொண்டுவந்தது. அடுப்பு அதைத் திரும்பவும் கல்லாக்கிவிட்டது.

பாறை உடைவதையும் இடம்பெயர்வதையும் பற்றிப் படிக்கும்போது இமயமலையின் பனியாறுகளும், கொலராடோ ஆறு அறுத்த பெரும் பள்ளத்தாக்கும், சகாராவின் மணற்காற்றுமே படங்களாக வருகின்றன. வானிலையாலழிதல் என்ற பாடத்தை மனனம் செய்து பரீட்சை எழுதும் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, அதெல்லாம் எங்கோ தொலைவில் நடப்பது என்று எண்ணிக்கொள்கிறது. எண்ணுவதில் வியப்பில்லை. கடல்மட்டத்திலிருந்து பத்துப் பதினைந்து மீற்றருக்குள் அடங்கிவிடும் குடாநாடு இது. மலை இல்லை, அருவி இல்லை, ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. ஆனால் இங்கே பாறையின் அழிவு நிலத்தின் மேலே நடப்பதைவிட உள்ளே நடப்பதுதான் அதிகம். கண்ணுக்குத் தெரியாததால் அது நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

குடாநாட்டைத் தாங்கி நிற்பது சுண்ணக்கல். புவிச்சரிதவியலாளர்கள் மயோசீன் என்று அழைக்கும் காலத்தைச் சேர்ந்தது. இன்றைக்கு 2 கோடி 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலம் அது. அப்போது இந்த இடம் வெதுவெதுப்பான ஆழமற்ற கடல். சிப்பி, சங்கு, முருகை, கடற்பாசி, கண்ணுக்கே தெரியாத நுண்ணுயிர் என்று கல்சியத்தால் கூடு கட்டி வாழ்ந்த அத்தனை உயிர்களும் செத்துச் செத்து அடியில் விழுந்தன. அந்தக் கூடுகள் படிந்து, அமுங்கி, இறுகிப் பாறையாயின. புத்தளத்திலிருந்து மன்னார்க் கரை வழியாக யாழ்ப்பாணம் வரை இந்தக் கல் நீண்டு கிடக்கிறது. குடாநாட்டின் வலிகாமப் பகுதியில் கிணறு வெட்டுகிறவர்கள் தூக்கிப்போடும் கற்களைக் கையில் எடுத்துத் திருப்பினால், உள்ளே சிப்பியின் வரிகள் அப்படியே பதிந்திருப்பதைக் காணலாம்.

கருங்கல்லுக்கு இல்லாத ஒரு பலவீனம் சுண்ணக்கல்லுக்கு உண்டு: அது அமிலத்தில் கரையும். மழைநீர் வானத்திலிருந்து விழும்போதே காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு மிக மென்மையான அமிலமாகத்தான் வருகிறது. ஆனால் உண்மையான வேலை தொடங்குவது மண்ணுக்குள் இறங்கிய பிறகு. வெளிக்காற்றில் காபனீரொட்சைட்டு நூற்றுக்கு 0.04 பங்கு மட்டுமே. வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிடும் மண்ணின் இடுக்குகளிலோ அது நூற்றுக்கு ஒரு பங்கு வரைக்கும், சில வேளை அதற்கு மேலும் போகும். அந்த மண்ணைக் கடந்து கல்லைத் தொடும் தண்ணீர் வானத்திலிருந்து விழுந்த தண்ணீரைவிடப் பல மடங்கு அமிலம் மிகுந்தது. அது கல்சியம் காபனேற்றைக் கல்சியம் இருகாபனேற்றாக மாற்றித் தன்னோடு எடுத்துச் செல்கிறது. வெறும் தூய நீருக்கு இந்தக் கல்லைக் கரைக்கும் திறன் சொற்பம். ஆக, தோட்டத்து மரவள்ளியும் வேலிப் பூவரசும் மழையோடு சேர்ந்து பாறையை அரிக்கின்றன என்றால் அது மிகையான பேச்சு அல்ல. கொதிக்க வைத்தால் காபனீரொட்சைட்டு ஆவியோடு பறந்துவிடும். தாங்கிப் பிடிக்க அமிலம் இல்லாமல் சுண்ணாம்பு மறுபடி படியும். கேத்திலின் அடியில் கிடப்பது அதுதான்.

எவ்வளவு கல் கரைகிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குடாநாட்டில் ஆண்டுக்குச் சுமார் 1250 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து மார்கழி வரையான மாரியில் கொட்டித் தீர்ந்துவிடும். அதில் ஆவியாவதும் கடலுக்கு ஓடுவதும் செடிகொடிகள் குடிப்பதும் போக, 300 மில்லிமீற்றர் நிலத்தடிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுரக் கிலோமீற்றரில் அது 3 இலட்சம் கனமீற்றர் தண்ணீர். ஒவ்வொரு லீற்றரும் 300 மில்லிகிராம் சுண்ணாம்பைக் கரைக்கிறது என்று கொண்டால், வன்னீர் பழகிய ஊருக்கு இது பெரிய எண் அல்ல, ஆண்டுக்கு 90 தொன் பாறை காணாமல் போகிறது. பரவலாகப் பார்த்தால் நிலம் ஆயிரம் ஆண்டுக்கு மூன்றரைச் சென்ரிமீற்றர் மட்டுமே தேய்கிறது. உலகின் பிற சுண்ணக்கல் பிரதேசங்களில் அளக்கப்பட்ட வேகங்களும் பெரும்பாலும் இந்தக் கணக்கை ஒட்டியே இருக்கின்றன. எறும்பூரக் கல்லும் தேயும் என்பார்கள். மழைக்கு அந்த எறும்பைவிடப் பொறுமை அதிகம். ஓர் இலட்சம் ஆண்டு கொடுத்தால் மூன்றரை மீற்றர்.

ஆனால் கல் எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தேய்வதில்லை. அங்கேதான் விஷயம் இருக்கிறது.

பாறையில் எங்காவது ஒரு கீறல் இருந்தால் தண்ணீர் அதற்குள் இறங்கும். இறங்கியது கீறலை மயிரிழை அகலமாக்கும். அகன்ற கீறலுக்குள் அடுத்த மாரியில் இன்னும் கூடுதலான தண்ணீர் இறங்கும். கூடுதலான தண்ணீர் கூடுதலான கல்லைக் கரைக்கும். இப்படி ஒரு சில கீறல்கள் மட்டும் வளர்ந்து குழாயாகி, குழாய் சுரங்கமாகி, சுரங்கம் குகையாகிவிடும். பக்கத்திலுள்ள கல்லோ அசையாமல் அப்படியே இருக்கும். குடாநாட்டில் ஆறுகள் இல்லாததற்கு இதுவே முதற்காரணம். தெல்லிப்பழைப் பக்கத்தில் தொடங்கி அராலியருகே கடலேரியில் விழும் வழுக்கையாறு ஒன்றுதான் ஆறு என்ற பெயருக்கு உரியது. அதுவும் மாரியில் மட்டுமே ஓடும். மற்றைய மழையெல்லாம் பெய்த இடத்திலேயே நிலத்துக்குள் இறங்கிவிடும். ஆறுகள் மேலே இல்லை என்பதால் ஆறுகளே இல்லை என்று சொல்ல முடியாது. அவை கீழே, இருட்டில், வரைபடம் இல்லாத வழிகளில் போகின்றன.

குகை பெருக்கப் பெருக்க அதன் கூரை மெலியும். ஒருநாள் மேலிருக்கும் பாரத்தைத் தாங்க முடியாமல் இடிந்து விழும். மேலே வட்டமான ஒரு பள்ளம், அடியில் தண்ணீர். புவியியலாளர் இதை விழுங்குதுளை என்பார்கள். குடாநாட்டு மக்கள் அதற்குப் பல பெயர் வைத்திருக்கிறார்கள். புத்தூரில் நிலாவரை, ஊரெழுவில் பொக்கணை, குரும்பசிட்டியில் பேய்க்கிணறு, மானிப்பாயில் இடிகுண்டு, கரவெட்டியில் குளக்கிணறு, அல்வாயில் மாயக்கைக் குளம். செங்கை ஆழியான் என்ற பெயரில் நாவல்கள் எழுதிப் புகழ்பெற்ற க. குணராசா, புவியியல் கற்றவர். இந்த மண்ணின் தரைத்தோற்றத்தைத் தமிழ் மாணவர்களுக்கு எளிமையாக எழுதிக் கொடுத்தவர்களில் அவருக்குத் தனியிடம் உண்டு.

இவற்றுள் நிலாவரையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இராமர் தாகம் தீர்க்க அம்பெய்து உண்டாக்கிய ஊற்று என்பது ஊர்க் கதை. ஆழம் காண முடியாத கிணறு என்பது இன்னொரு கதை. இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட தம் நூலில் புத்தூர்க் கிணற்றை ஓர் அதிசயமாகவே எழுதிவைத்தார். படியிறங்கிப் போனால் பச்சையும் நீலமும் கலந்த நிறத்தில் அசைவற்ற தண்ணீர். மேலே உள்ளது நன்னீர். கீழே போகப் போக உவர்த்து, அடியில் கடல்நீர் போலவே இருக்கும். அதைச் சுற்றியிருக்கும் நிலமோ கடல்மட்டத்திலிருந்து ஒரு சில மீற்றர் உயரம்தான். அப்படியிருக்க, கடல்மட்டத்துக்குக் கீழே பல பத்து மீற்றர் ஆழத்துக்கு மழைநீர் எப்படிக் கல்லைக் கரைத்தது?

விடை பனியூழியில் இருக்கிறது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகின் தண்ணீரில் இன்றைவிடக் கூடுதலான பங்கு துருவங்களிலும் கண்டங்களிலும் பனியாக உறைந்து கிடந்தது. கடல்மட்டம் இன்றைக்கு உள்ளதைவிட 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை அப்போது கடலே அல்ல, காலால் நடந்து கடக்கக்கூடிய தரை. இன்று நாம் குடாநாடு என்று சொல்வது, இந்தியாவையும் இலங்கையையும் இணைத்த ஒரு பரந்த வெளியின் நடுவே கிடந்த மேட்டு நிலம். கடல் தாழ்ந்தால் நிலத்தடி நீர்மட்டமும் தாழும். மாரிமழை அன்று இன்னும் ஆழத்துக்கு இறங்கிப் பாறையைக் குடைந்தது. பனி உருகிக் கடல் ஏறியபோது அந்தக் குகைகளெல்லாம் மூழ்கிப்போயின. மெக்சிக்கோவின் யுக்கட்டான் குடாநாட்டில் மாயா மக்கள் புனிதமாகக் கருதிய ஆழ்கேணிகளும், பகாமாசுத் தீவுகளின் கடலில் கருநீல வட்டங்களாகத் தெரியும் பள்ளங்களும் இதே வழியில் உண்டானவை. இத்தகைய தாழ்ந்த கடல்களும் உயர்ந்த கடல்களும் ஒரு தடவை அல்ல, பல தடவை மாறி மாறி வந்திருக்கின்றன. நிலாவரையின் ஆழத்தை ஒரே ஒரு பனியூழியின் கணக்கில் எழுதிவிட முடியாது.

இன்னொரு வேலையாளும் உண்டு. நன்னீரும் கடல்நீரும் சந்திக்கும் எல்லை. சுண்ணாம்பை இனிக் கரைக்க முடியாத அளவுக்கு நிறைவாகக் கரைத்துவிட்ட நன்னீரையும், அதேபோல நிறைந்துவிட்ட உவர்நீரையும் ஒன்றாகக் கலந்தால், கலவைக்குப் புதிதாகப் பசி வந்துவிடும். இரண்டும் தனித்தனியே செய்ய முடியாததைச் சேர்ந்து செய்யும், இன்னும் கல்லைக் கரைக்கும். வேதியியலில் இது நன்றாக நிறுவப்பட்ட உண்மை. கடலால் மூன்று பக்கமும் சூழப்பட்டு, நடுவில் நன்னீரைத் தாங்கி நிற்கும் குடாநாட்டுக்கு இந்தக் கலப்பு எல்லை அடியில் எங்கும் விரிந்து கிடக்கிறது. கடல் வற்றுப் பெருக்கோடு அது நாள்தோறும் கொஞ்சம் அசைகிறது. கரையோரக் கிணறுகள் சிலவற்றில் நீர்மட்டம் கடலோடு சேர்ந்து ஏறி இறங்குவதை ஊரார் காலங்காலமாகக் கவனித்திருக்கிறார்கள்.

நிலாவரையில் போட்ட தேசிக்காய் கீரிமலையில் மிதக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. கேட்டவுடன் சிரித்து ஒதுக்கத் தோன்றும். ஆனால் இதே சோதனையை விஞ்ஞானிகள் உலகெங்கும் செய்கிறார்கள், தேசிக்காய்க்குப் பதில் சாயத்தை வைத்து. ஜெர்மனியில் டானியூப் ஆறு ஓரிடத்தில் சுண்ணக்கல்லுக்குள் மறைந்துவிடுகிறது. அது எங்கே போகிறது என்று அறிய 1877இல் அடொல்ஃப் நொப் என்பவர் உப்பும் ஒளிரும் சாயமும் கலந்து ஆற்றில் விட்டார். ஏறத்தாழ 60 மணி நேரத்தில் சாயம் 12 கிலோமீற்றருக்கு அப்பால் ஆக் என்ற ஊற்றில் பச்சையாக வெளிவந்தது. மணலுக்குள் தண்ணீர் ஒரு நாளில் சில சென்ரிமீற்றர் அல்லது சில மீற்றர் நகரும். சுண்ணக்கல் குழாய்களில் அது ஓடவே செய்யும். கடலோரத்தில், அலை அடிக்கும் தூரத்தில், நகுலேசுவரக் கோயிலின் அருகே குளிர்ந்த நன்னீராகப் பீறிடும் கீரிமலைக் கேணி இந்த நிலத்தடி ஓட்டத்தின் வாசல்களில் ஒன்று. கேணிக்குள் இறங்குகிறவர்கள் குளிப்பது பாறைக்குள் புகுந்து கரைத்துக்கொண்டு வந்த மழையில்.

கரைந்த கல் போய்விடுகிறது. கரையாதது எங்கே?

அதுதான் செம்பாட்டு மண். வலிகாமத்தின் கோப்பாய், உரும்பிராய், ஊரெழு, சுன்னாகம் என்று போகிற வழியெங்கும் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைகிற சிவந்த மண். சுண்ணக்கல்லில் இரும்பும் களியும் மிகச் சிறிய பங்கு கலந்திருக்கும். கல் கரைந்து போகப் போக அவை மட்டும் எஞ்சும். இரும்பு காற்றோடு சேர்ந்து துருப்பிடித்துச் சிவக்கும். மத்தியதரைக் கடற்கரைகளில் இத்தாலியிலும் குரோவேசியாவிலும் சுண்ணக்கல்லின் மேல் இதேபோன்ற செம்மண் இருக்கிறது. ஒரு சாண் செம்மண் சேர எத்தனை மீற்றர் கல் கரைந்திருக்க வேண்டும்! கல்லில் நூற்றுக்கு இரண்டு பங்கு மட்டுமே கரையாதது என்று கொண்டால், 20 சென்ரிமீற்றர் மண்ணுக்குப் பத்து மீற்றர் அளவு பாறை போயிருக்க வேண்டும். இந்தக் கணக்கு இடிப்பதால்தான், உலகின் செம்மண் எல்லாமே கல்லின் எச்சம் அல்ல, காற்றும் தண்ணீரும் வெளியிலிருந்து கொணர்ந்த தூசும் அதில் கலந்திருக்கிறது என்று பல ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. எப்படியிருந்தாலும் அந்த மண் ஓரிரு தலைமுறையில் உண்டாகவில்லை. வீடு கட்டுவதற்காகத் தோட்டத்துச் செம்மண்ணை லொறியில் அள்ளி விற்கிறவர்கள் விற்பது பல்லாயிரம் மாரிகளின் உழைப்பை.

கரையோரத்தில் வேலை வேறு மாதிரி நடக்கிறது. காங்கேசன்துறையிலிருந்து பருத்தித்துறை நோக்கிப் போகும் வடகரையில் சுண்ணக்கல் தாழ்ந்த செங்குத்துக் கரையாகக் கடலைச் சந்திக்கிறது. வாடைக்காற்றுக் காலத்தில் அலைகள் வந்து மோதும்போது தண்ணீர் மட்டும் மோதுவதில்லை. உருட்டிக்கொண்டு வரும் கல்லும் முருகைத் துண்டும் சேர்ந்து அடிக்கும். கீறலுக்குள் சிக்கிய காற்று அலையின் அழுத்தத்தில் அமுங்கி, அலை விலகியதும் விரியும். அது கல்லை உள்ளிருந்து தெறிக்க வைக்கும். அலை எட்டும் மட்டத்தில் பாறை உட்புறமாகக் குடைந்து, மேற்பகுதி தாழ்வாரம் போல நீட்டிக்கொண்டிருக்கும். குடைவு ஆழமானால் தாழ்வாரம் உடைந்து விழும், கரை ஒரு முழம் பின்வாங்கும். கடல் நுரை தெறிக்கும் இடங்களில் பாறையின் மேற்பரப்பு வெறுங்காலை வெட்டும் கூர்முனைகளாக இருக்கும். உப்புநீர் துளைகளுக்குள் புகுந்து வெயிலில் காய்ந்து பளிங்காகும்போது, அந்தப் பளிங்கு விரிந்து கல்லின் தோலைத் தூளாக்கிவிடும். போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் பெருப்பித்துக் கட்டிய யாழ்ப்பாணக் கோட்டையின் முருகைக்கல் மதில்களிலும், நெடுந்தீவின் கல்வேலிகளிலும் இந்த உப்பின் வேலையைக் கையால் தடவிப் பார்க்கலாம். நூற்றாண்டுகளாக நிற்கும் கல் விரல் பட்டவுடன் மாவாக உதிரும்.

உயிர்களும் சும்மா இருப்பதில்லை. கடற்பாறையில் ஒட்டியிருக்கும் சிறு நத்தைகள் பாசியை மேய்வதற்காகக் கல்லையே ராவுகின்றன. சில சிப்பிகளும் பஞ்சுயிர்களும் கல்லுக்குள் துளையிட்டுக் குடியிருக்கின்றன. கிளிமீன் முருகையைக் கடித்து நொறுக்கி, உண்ணக்கூடியதை உண்டு, மீதியை வெண்மணலாகக் கழிக்கிறது. மாலைதீவின் வெண்மணலில் பெரும்பங்கு கிளிமீன்களின் வயிற்றைக் கடந்து வந்தது என்பது ஆய்வாளர்கள் அளந்து சொன்னது.

இனி வடமராட்சி கிழக்குக்குப் போகலாம். வல்லிபுரத்திலிருந்து மணற்காடு, குடத்தனை, அம்பன், நாகர்கோவில் என்று தெற்கே நீளும் கரை. வல்லிபுர ஆழ்வார் கோயிலின் கடல் தீர்த்தத்துக்கு நடக்கிற அடியார்களின் கால்கள் புதைகிற வெண்மணல் மேடுகள். இங்கே ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். தீவகக் கரைகளில் சிப்பியும் முருகையும் பொடிந்து சேர்ந்த மணலில் வினாகிரி விட்டால் நுரைக்கும். மணற்காட்டு மணலில் விட்டால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. ஏனென்றால் அது சுண்ணாம்பு அல்ல, படிகக்கல். வல்லிபுரம், அம்பன் பக்கத்து மணல் கண்ணாடி செய்ய உகந்த சிலிக்கா மணல் என்று பேர்பெற்றது.

அதாவது, அந்த மணல் யாழ்ப்பாணத்துப் பாறையிலிருந்து பிறக்கவே முடியாது. வந்து குடியேறியது. குடாநாட்டுக்குத் தெற்கே வன்னியிலும் அதற்கு அப்பாலும் 50 கோடி ஆண்டுகளுக்கும் பழைய கருங்கல் கிடக்கிறது. வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்க அது தோல் தோலாக உரியும். அதிலுள்ள கனியங்களில் பெல்சுபார் மழைநீரோடு வினைபட்டுக் களிமண்ணாகும். படிகக்கல் எதற்கும் மசியாமல் மணியாக மிஞ்சும். மாரியில் பொங்கும் ஆறுகள் இரண்டையும் கடலுக்கு உருட்டிவிடும். களி நீரில் மிதந்து தொலைவுக்குப் போகும். மணலை அலைகள் கரையோரமாக, சாய்ந்து ஏறி நேராக இறங்கி, ஏறி இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும். கிழக்குக் கரையில் புல்மோட்டையில் இல்மனைற்றும் சேர்கனும் மிகுந்த கறுப்பு மணல் குவிந்திருப்பதும் இப்படிப் பாறையிலிருந்து பிரிந்து, கடலால் தெரிந்தெடுத்துக் குவிக்கப்பட்டதுதான். பாரமான மணிகள் ஓரிடத்தில், இலேசானவை இன்னோரிடத்தில். அலையைப் போலச் சலித்துப் பிரிக்கிறவர் யாருமில்லை.

கரையில் ஏறிய மணலைக் காற்று எடுத்துக்கொள்ளும். மணல்மணி பறப்பதில்லை, துள்ளும். ஒன்று எழும்பி விழும் வேகத்தில் வேறு சில மணிகளைத் தட்டி எழுப்பும். முழங்கால் உயரத்துக்குள்ளேயே பெரும்பாலான மணல் போய்விடும். வாடைக்காலத்தில் மணற்காட்டில் வெறுங்காலோடு நின்றவர்களுக்கு அந்தச் சுணை தெரியும். காற்று வரும் பக்கம் மென்சரிவாகவும், மறுபக்கம் ஏறத்தாழ 33 பாகைக் கடுஞ்சரிவாகவும் மேடு அமையும். அதற்குமேல் சரிந்தால் மணல் தானே வழுக்கி இறங்கிவிடும். இப்படி ஏறி இறங்கி மேடு நகரும். மணற்காட்டில் பழைய அந்தோனியார் தேவாலயத்தின் இடிபாடுகள் மணலில் புதைந்து நிற்கின்றன. இந்த நகர்வுக்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

நகரும் மணலை நிறுத்த வல்லது செடி. முள் உருண்டைகளாகக் காற்றில் ஓடித் திரிந்து விதை பரப்பும் இராவணன் மீசை, நிலத்தோடு படர்ந்து கணுவுக்குக் கணு வேர்விடும் அடம்பன் கொடி. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்ற பழமொழி ஒற்றுமைக்குச் சொன்னது. மணலுக்கும் அது அப்படியே பொருந்துகிறது. பின்னர் வந்த சவுக்கந் தோப்புகளும் காற்றின் வேகத்தைக் குறைத்தன. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வடமராட்சி கிழக்கை விழுங்கியபோது கரையோர ஊர்கள் அழிந்தன. உயர்ந்த மணல்மேடு எங்கெல்லாம் அறுபடாமல் இருக்கிறதோ அங்கெல்லாம் கடலுக்கும் ஊருக்கும் இடையே ஒரு சுவர் இருக்கிறது. மேட்டை அள்ளி விற்றால் அந்தச் சுவரும், அதன் அடியில் தேங்கி நிற்கும் நன்னீரும் சேர்ந்து போகும். இரவில் உழவு இயந்திரத்தில் மணல் ஏற்றுகிறவர்களுக்கு இது தெரியாமலில்லை. தடுக்க வேண்டியவர்களுக்கும் தெரியும்.

கடலில் பிறந்த யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லும், கருங்கல் அழிந்து பிறந்த களிமண்ணும் ஒரு காலத்தில் காங்கேசன்துறையில் சந்தித்தன. 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலைக்குக் கல் அருகிலேயே வெட்டப்பட்டது. களி மன்னார் மாவட்டத்து முருங்கனிலிருந்து ரயிலில் வந்தது. இரண்டையும் அரைத்து 1450 பாகை செல்சியசு அளவு வெப்பத்தில் சுட்டால் சீமெந்துக்கு மூலமான கிளிங்கர். ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அது சோறு போட்டது. போரால் 1990இல் நின்றது. வெட்டிய குழிகள் எஞ்சிவிட்டன, நீர் நிறைந்து. ஒரு தொன் கிளிங்கருக்கு ஏறத்தாழ ஒன்றரைத் தொன் சுண்ணக்கல் வேண்டும். முன்னே போட்ட கணக்கின்படி, ஒரு சதுரக் கிலோமீற்றரில் மழை ஓராண்டு முழுவதும் கரைக்கும் 90 தொன் கல், 60 தொன் கிளிங்கருக்குத்தான் காணும். வெடிமருந்தும் இயந்திரமும் அதை ஒரு பொழுதில் எடுத்துவிடும். உலகளவிலும் மனிதர் ஆண்டுதோறும் பெயர்த்தெடுக்கும் கல்லும் மண்ணும், எல்லா ஆறுகளும் சேர்ந்து கடலுக்குக் கொண்டுபோவதைவிட அதிகமாகிவிட்டது.

கல் குறைவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. குடாநாட்டின் நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதக்கும் ஒரு வில்லை. நன்னீரின் மட்டம் கடலுக்கு மேல் ஒரு மீற்றர் உயர்ந்திருந்தால், கடலுக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரைக்கும் நன்னீர் இருக்கும். இந்த ஒன்றுக்கு நாற்பது என்ற விகிதத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்தின் பாடன் கைபனும், 1901இல் ஜெர்மனியின் ஹெர்ட்ஸ்பேர்க்கும் கண்டறிந்தார்கள். நடைமுறையில் இது இத்தனை சுத்தமாக இருப்பதில்லை, ஆனாலும் பாடம் ஒன்றுதான்: மேலே ஒரு முழம் குறைந்தால் அடியில் உவர் பல முழம் ஏறும். துலா போட்டு இறைத்த காலத்தில் மனிதனின் கை களைத்ததும் கிணறு ஊறும். நீரிறைக்கும் இயந்திரம் களைப்பதில்லை. கல்லை ஆழமாக வெட்டினால், நன்னீரைத் தாங்கி வடிகட்டி நிற்கும் பாறையே போய்விடும், கடல்நீர் வருவதற்கும் வழி திறக்கும்.

வேகமாக ஓடும் குழாய்கள் தண்ணீரை மட்டும் கொண்டுபோவதில்லை. தோட்டங்களுக்குப் போடும் யூரியாவின் நைத்திரேற்றும், மலசலகூடக் குழிகளின் கசிவும் அதே வழியில்தான் போகின்றன. வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று கூடிவருவதை ஆய்வுகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றன. 2014, 2015 காலத்தில் சுன்னாகத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் கலந்தது பெரும் போராட்டமாகவே வெடித்தது. மணல் நிலத்தில் அழுக்கு மெல்ல நகர்ந்து ஓரளவு வடியும். இங்கே அது வடிய நேரம் கிடைப்பதில்லை. 2024இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது நல்ல செய்திதான். ஆனால் தோட்டத்துக்கும் பெரும்பாலான வீடுகளுக்கும் இன்றைக்கும் கிணறுதான்.

ஆகவே வலிகாமத்திலும் வடமராட்சியிலும் குடியிருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பக்கத்தில் கல் வெட்டிய ஒரு பழைய குழியோ, இடிகுண்டோ, பாழ்விட்ட கிணறோ இருந்தால் அதைக் குப்பைக் கிடங்காக்காதீர்கள். கோழிக்கழிவையும் பிளாஸ்ரிக்கையும் உடைந்த மின்கலங்களையும் அதற்குள் தள்ளி மண்போட்டு மூடிவிட்டால் கதை முடிந்தது என்று எண்ணாதீர்கள். அது உங்கள் கிணற்றின் இன்னொரு வாய். ஐப்பசி மழைக்கு முன்னர் ஊர்க் குளத்தைத் தூர்வாரி, வரும் வாய்க்காலைத் திறந்துவிடுங்கள். மாரி முடிந்ததும் ஒரு தடவை, கோடை முற்றியதும் ஒரு தடவை கிணற்றுத் தண்ணீரைச் சோதித்து, உவரும் நைத்திரேற்றும் எவ்வளவு என்று எழுதிவையுங்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.